‘சுபம்’ போட்ட பிறகு என்ன ஆகும்? காட்பாடித் திரையிடல் வரிசை: ஒரு மதிப்புரை

வேலூரில் திரைப்படம் பார்ப்பதற்கு இடங்களுக்குக் குறைவில்லை. பார்த்த படத்தைப் பற்றி முன்பின் அறியாதவர்களோடு அமர்ந்து நிதானமாகப் பேசுவதற்குத்தான் இடம் இல்லாதிருந்தது. அந்தக் குறையைப் போக்கும் எண்ணத்தோடு, சினிமா ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து காட்பாடி காந்தி நகரில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் மாடிக் கூடத்தைச் சனிக்கிழமை மாலைகளில் வாடகைக்கு எடுத்து, ஒரே பொருளைச் சுற்றி ஐந்து படங்களைத் திரையிட்டு, ஒவ்வொரு படத்திற்குப் பின்னும் ஒரு மணி நேர உரையாடலை நடத்தினார்கள். எடுத்துக்கொண்ட பொருள், திரைக்கதைகளில் மணவாழ்க்கை கசந்துபோன தம்பதியருக்குப் படத்தின் முடிவு தரும் மகிழ்ச்சி நீடிக்குமா என்பது. தனிநபருக்கு 400 ரூபாயும் தம்பதியருக்கு 600 ரூபாயும் கட்டணம். தேநீரும் மசால் வடையும் அதில் அடக்கம். சேர்ந்து வருவோருக்குச் சலுகை உண்டு, சண்டையிட்டுக்கொண்டு தனித்தனியே வருவோருக்குச் சலுகை இல்லை என்பதைப் பொருளுக்கேற்ற விதியாகவே எடுத்துக்கொண்டேன்.

கூடத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. மேற்குப் பார்த்த சன்னல்களுக்கு மெல்லிய திரைச்சீலைகளே இருந்ததால், பொழுது சாயும் வரை படம் வெளிறித் தெரிந்தது. முதல் அரை மணி நேரத்தில் நடிகர்களின் முகத்தைக் காட்டிலும் குரலையே நம்ப வேண்டியிருந்தது. ஒலி தெளிவாக இருந்தது. நாற்காலிகள் மாணவர்களுக்கானவை, வலது கையில் எழுதுபலகை பொருத்தியவை. இரண்டரை மணி நேரம் உட்கார அவை ஏற்றவை அல்ல. உரையாடல் ஒருநாளும் குறித்த நேரத்தில் முடியவில்லை என்பதால், குடியாத்தம் பக்கம் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் முடிவைக் கேட்காமலே எழுந்து போனார்கள்.

ஆனாலும் இந்தச் சேவையின் உயிர் கூடத்தில் இல்லை. அவர்கள் வகுத்துக்கொண்ட முறையில் இருக்கிறது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு தருகிறார்கள். ‘இந்த இருவரும் பத்தாண்டுகள் கழித்தும் சேர்ந்து வாழ்வார்களா, வாழ்ந்தால் மகிழ்ச்சியாக இருப்பார்களா’ என்னும் இரண்டு கேள்விகளுக்குப் பெயர் எழுதாமல் விடை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதன் பிறகே பேச்சு தொடங்கும். படம் பிடித்திருந்ததா, யார் நன்றாக நடித்தார்கள் என்ற வழக்கமான அரட்டைக்கு இந்த இரண்டு கேள்விகள் இடம் தரவில்லை. உரையாடலை நடத்தியவர்கள் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரும், குடும்ப நீதிமன்ற வழக்குகளை நடத்தும் பெண் வழக்கறிஞர் ஒருவரும் ஆவர். ஒருவர் சங்கக் காதல் பாடல்களின் அகத்துறைகளையும் மற்றவர் சட்டப் பிரிவுகளையும் கொண்டு ஒரே கதையை அளந்தது, வேறெங்கும் எளிதில் கிடைக்காத அனுபவம்.

முதல் படமாக கே. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) வைக்கப்பட்டது. விருப்பமில்லாத திருமணத்தின் முதல் இரவிலேயே நஞ்சு அருந்தும் வசந்தியைக் காப்பாற்றும் மருத்துவர் ஆனந்த், சாகக் கிடக்கும் தன் தாய்க்காக ஒரு வாரம் பொறுத்திருக்கும்படி கேட்டு, அதன் பின் அவளைக் காதலனிடமே ஒப்படைப்பதாக வாக்களிக்கிறார். இறுதியில் காதலன் மாதவன், தாலி கட்டியவனுக்கே அவள் உரியவள் என்று விலகிவிடுகிறான். வெளிவந்த காலத்தில் கண்ணீரோடு ஏற்கப்பட்ட முடிவு இது. இன்றைக்குச் சீட்டுகளில் பெரும்பாலானவை ‘சேர்ந்து வாழ்வார்கள், மகிழ்ச்சி ஐயம்’ என்றே சொல்லின. ஆற்காட்டிலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு மூதாட்டி, “ஏம்மா, ரெண்டு ஆம்பளைங்களும் மாத்தி மாத்திப் பேசறாங்களே, அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டாங்களா?” என்று வழக்கறிஞரைப் பார்த்துக் கேட்டதற்குப் பிறகு, அந்தப் படத்தைப் பற்றிக் கூடத்தில் யாரும் நீட்டிப் பேசவில்லை. இருவரும் நல்லவர்கள் என்பதில் ஐயமில்லை. நல்ல மனிதரோடு வாழ்வது எளிது என்பதும் மெய்தான். ஆயினும் தான் எடுக்காத முடிவுக்குள் ஒருத்தி எத்தனை காலம் மகிழ்ந்திருக்க முடியும் என்பதற்கு அந்தத் திரைக்கதையில் விடை இல்லை.

வரிசையின் நடுநாயகம் மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986). பலமுறை பார்த்த படமாயினும், இந்தக் கேள்வியை முன்வைத்துப் பார்க்கையில் வேறு படமாகத் தெரிந்தது. காவலரின் குண்டுக்குப் பலியான காதலனை மறக்க முடியாமல், தந்தையின் உடல்நிலைக்காக மணந்துகொண்டு தில்லிக்குப் போகும் திவ்யா, என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவன் சந்திரகுமாரிடம் விவாகரத்தைக் கேட்கிறாள். ஓராண்டு ஆகாமல் அது முடியாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட, ஒரே வீட்டில் இருவரும் அயலாரைப் போல் வாழத் தொடங்குகிறார்கள்.

இங்கே நம் வழக்கறிஞர் தந்த விளக்கம், கட்டணத்தின் பெரும்பகுதிக்கு ஈடானது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, விதிவிலக்கான கடுந்துன்பம் இருந்தாலன்றி, மணமாகி ஓராண்டுக்குள் விவாகரத்து மனுவையே ஏற்பதில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 13-பி பிரிவோ, இருவரும் ஒத்துப் பிரிய விரும்பினாலும் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. மனு கொடுத்த பின்னும் ஆறு மாதங்கள் காத்திருக்கச் சொல்கிறது. பிரிந்து வாழ்தல் என்றால் வெவ்வேறு வீடுகளில் வாழ்தல் என்று பொருளல்ல, ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாதிருப்பதும் பிரிந்து வாழ்வதே என்று உச்ச நீதிமன்றம் சுரேஷ்டா தேவி வழக்கில் 1991இல் கூறியது. திவ்யாவும் சந்திரகுமாரும் அந்தத் தில்லி வீட்டில் வாழ்ந்தது துல்லியமாக அந்த வாழ்க்கைதான். தீர்ப்புக்கு ஐந்தாண்டுகள் முன்பே படம் அதைக் காட்டிவிட்டது. ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்பது 2017இல் வந்த தீர்ப்பு. “சட்டம் காலக்கெடு வைப்பது, மனம் மாறினால் மாறட்டும் என்றுதான். ஆனால், வெறும் காத்திருப்பு யாரையும் மாற்றி நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு” என்றார் அவர்.

அந்த வீட்டுக்குள் நடப்பவற்றைத்தான் படத்தின் இரண்டாம் பாதி சிறுசிறு காட்சிகளாக அடுக்குகிறது. இறந்துபோன காதலைப் பற்றி அவள் கணவனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. தொழிலாளர் தகராறில் அவன் தாக்கப்படும்போது அவள்தான் அருகிருந்து பேணுகிறாள். அவன் முன்பு வாங்கி வந்து அவள் தொடாமல் விட்டிருந்த கொலுசை ஒருநாள் தானாகவே எடுத்து அணிகிறாள். அதற்குள் அவன் மனம் இறுகிப்போய், அவள் முன்பு வீசிய கடுஞ்சொற்களை அவளுக்கே திருப்பித் தருகிறான். பிறகு வருகிறது இரயில் நிலையம்: கையில் தரப்பட்ட விவாகரத்து ஆவணத்தை அவள் கிழிக்கிறாள், நகரும் வண்டி நிறுத்தப்படுகிறது. எல்லோருக்கும் நினைவிருப்பது இந்த இரயில் காட்சிதான் என்றாலும், மகிழ்ச்சிக்கு உத்தரவாதம் அங்கே இல்லை. அந்தக் காட்சியை வெட்டி எறிந்துவிட்டாலும் இவர்கள் ஒரு வாரமோ ஒரு மாதமோ தாமதித்துச் சேர்ந்திருப்பார்கள் என்று நம்ப முடிகிறது. உச்சக்காட்சியை நீக்கிவிட்டுப் பார்ப்பதே, திரையில் பிணக்குற்ற எந்தத் தம்பதிக்கும் வைக்கத்தக்க சோதனை என்று எனக்குத் தோன்றியது. இயக்குநர் உண்டாக்கிய அதிர்ச்சி இல்லாமலே இவர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்துகொண்டிருந்தார்களா? ஆம் என்றால் அந்த மகிழ்ச்சி இவர்களுடையது. இல்லையென்றால் அது திரைக்கதை ஆசிரியருடையது.

இந்தச் சோதனையில் அதே இயக்குநரின் ‘அலைபாயுதே’ (2000) தடுமாறுகிறது. இரகசியத் திருமணம் செய்துகொண்டு, பிறகு பெற்றோரைப் பிரிந்து, கட்டி முடிக்கப்படாத ஒரு கட்டடத்தில் குடியேறும் கார்த்திக்கும் சக்தியும் அன்றாடச் சில்லறைக் காரணங்களுக்காக மோதிக்கொள்ளும் பகுதிகள், தமிழ்த் திரையில் மணவாழ்க்கையின் சலிப்பை மிக நேர்மையாகக் காட்டியவற்றுள் அடங்கும். நோயைச் சரியாகக் கண்டறிந்த படம், மருந்தைச் சாலை விபத்தில் தேடிக்கொண்டது. சக்தி விபத்துக்குள்ளாகாமல் அன்று வீடு வந்து சேர்ந்திருந்தால், மறுவாரம் அதே சண்டை வேறொரு காரணத்துக்காக மூண்டிருக்கும். விபத்தை உண்டாக்கிய மனைவிக்காகப் பழியைத் தன்மேல் ஏற்கும் அந்த மூத்த அதிகாரி, அவர் மனைவி ஆகிய இருவரையும் பார்த்தே நாயகன் அன்பு இன்னதென்று உணர்கிறான். நிலைத்த மணவாழ்வுக்கான சான்றைப் படம் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்குகிறது எனலாம். கூடத்திலிருந்த இளைஞர்கள் இந்தக் கருத்தைச் சற்றும் ஏற்கவில்லை. சாவின் விளிம்பைப் பார்த்துத் திரும்பியவர்கள் மாறாமல் இருக்க மாட்டார்கள் என்று செவிலியராகப் பணிபுரியும் ஒருவர் வாதிட்டார்; தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் மனம் மாறிய உறவினர்களை நாள்தோறும் பார்க்கும் ஊரில் அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாதுதான். அந்த மனமாற்றம் எத்தனை மாதம் தாங்குகிறது என்று பேராசிரியர் கேட்டதற்கு, அவர் சிரித்துவிட்டு விடை சொல்லாமல் அமர்ந்தார்.

பாலு மகேந்திராவின் ‘மறுபடியும்’ (1993) திரையிடப்பட்ட மாலைதான் இந்த வரிசையின் சிகரம். மகேஷ் பட் 1982இல் எடுத்த ‘அர்த்’ என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. திரைப்பட இயக்குநரான கணவன் ஒரு நடிகையோடு போய்விட, தனித்து நிற்கும் துளசி மெல்லத் தன் காலில் ஊன்றுகிறாள். நடிகை அவனைக் கைவிட்ட பின் அவன் திரும்பி வருகிறான். இதே தவற்றை நான் செய்துவிட்டு வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பாயா என்னும் பொருளில் அவள் கேட்கிறாள். அவனால் பொய் சொல்ல முடியவில்லை. அவள் அவனை ஏற்கவில்லை. உற்ற துணையாக நின்ற நண்பனையும் மணக்க மறுத்து, வேலைக்காரப் பெண்ணின் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்கிறாள்.

பேராசிரியர் இதை, சங்க இலக்கியத்தில் ஊடலைப் பாடும் மருதத் திணைக்குள் வைத்துப் பேசினார். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவன், பாணனையும் பிறரையும் வாயிலாக, அதாவது தூதாக, அனுப்பித் தலைவியின் ஊடலைத் தணிக்க முயல்வதும், தலைவியும் தோழியும் அவர்களை உள்ளே விடாமல் வாயில் மறுப்பதும் சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் துறை. அங்கே மறுப்பு பெரும்பாலும் ஒரு கட்டம் மட்டுமே. பின்னர் தலைவி இசைந்துவிடுவாள், குடும்பம் தொடரும். துளசியின் வாயில் மறுப்போ இறுதியானது. ஈராயிரம் ஆண்டு மரபில் கட்டமாக இருந்ததை முடிவாக மாற்றிய துணிவே அந்தப் படத்தின் பெருமை என்பது அவர் கருத்து. அதைத் தொடர்ந்து அவர் சொன்ன மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. நம் பழைய படங்கள் பிணக்கு தீர்ந்த இடத்தில் ‘சுபம்’ போடுகின்றன. வள்ளுவரோ 1330 குறட்பாக்களையும் ஊடலுவகை என்னும் அதிகாரத்தில், ஊடலுக்கு நடுவிலேயே முடிக்கிறார். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று இறுதி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவையே. ஊடல் உணவில் உப்பைப் போன்றது, அளவு மிஞ்சினால் கெடும் என்பது 1302ஆம் குறளின் கருத்து. பிணக்கே இல்லாத வாழ்வை அவர் இன்பத்தின் இலக்கணமாக வைக்கவில்லை.

அன்று சீட்டுகளைப் பிரித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. சேர்ந்து வாழாத இருவரைப் பற்றி ‘பத்தாண்டு கழித்து’ என்ற கேள்விக்கு என்ன எழுதுவது? பலர் துளசியைப் பற்றி மட்டும் ‘மகிழ்ச்சியாக இருப்பாள்’ என்று எழுதியிருந்தார்கள். ஐந்து படங்களிலும் மிக உறுதியான ‘ஆம்’ கிடைத்தது அவளுக்குத்தான். தம்பதியின் மகிழ்ச்சியைப் பற்றிய வரிசையில், பிரிந்தவளின் மகிழ்ச்சியே அதிகம் நம்பப்பட்டதைப் பொறுப்பாளர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

யுவராஜ் தயாளனின் ‘இறுகப்பற்று’ (2023) கடைசியாக வந்தது. மூன்று தம்பதிகளின் கதை. பிறருடைய மணமுறிவுகளைத் தடுக்க உழைக்கும் மனநல ஆலோசகரின் வீட்டிலேயே விரிசல் விழுகிறது; மகப்பேற்றுக்குப் பின் உடல் பருத்த மனைவியைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் கணவனுக்கு, மெய்யான காரணம் தன்னிடமே இருப்பது தாமதமாகப் புரிகிறது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று திரையில் வெளிப்படையாகச் சொல்லும் துணிவு இதற்கு உண்டு. சொல்வதையே சற்று மிகுதியாகச் சொல்கிறது என்ற குறையும் உண்டு. தம்பதியரிடையே எழும் பிணக்குகளில் 69 விழுக்காடு முற்றாகத் தீராத வகையைச் சேர்ந்தவை என்பது அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம் ஆய்வுகளிலிருந்து சொல்வது. மகிழ்ச்சியான தம்பதிகளும் அவற்றைத் தீர்ப்பதில்லை, கசப்பில்லாமல் அவற்றைப் பற்றித் தொடர்ந்து பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் முடிவு. அந்த அளவுகோலில் ‘இறுகப்பற்று’ பாதி தேறுகிறது. மூன்று வீடுகளிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுவதை நம்பத்தான் கடினமாக இருக்கிறது. மூன்றில் ஒன்றையாவது தீராமல் விட்டிருக்கலாம்.

படத் தேர்வில் இரண்டு குறைகள் உண்டு. ‘மறுபடியும்’ எடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே பாலு மகேந்திரா ‘சதி லீலாவதி’யை (1995) எடுத்தார். அதிலும் கணவன் வேறொருத்தியை நாடிப் போகிறான், அதிலும் திரும்பி வருகிறான். ஆனால் மனைவி ஏற்றுக்கொள்கிறாள், அரங்கம் சிரித்தபடி கலைகிறது. ஒரே இயக்குநர் ஒரே தவற்றுக்கு இரு வேறு விடைகள் தந்திருக்கையில், இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் வைக்காதது கைக்கு வந்த வாய்ப்பை நழுவ விட்டதாகும். கல்பனா ஏற்ற லீலாவதியின் பருத்த உடலும் 2023ஆம் ஆண்டுப் படத்தின் அந்த மனைவியின் பருத்த உடலும் எப்படிப் பார்க்கப்படுகின்றன என்பதை ஒப்பிட்டிருந்தாலே ஒரு மாலை போதாமல் போயிருக்கும்.

மற்றது, ஐந்து படங்களிலும் வீட்டுக் கணக்கு ஒரு பேச்சாகவே இல்லை. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியலிலேயே பேருந்து ஏறிப் போகும் பெண்கள் ஏராளமாக உள்ள மாவட்டங்கள் நம்முடையவை. மனைவியின் சம்பளத்தால் கணவனுக்குள் எழும் தாழ்வு மனப்பான்மையை முக்தா சீனிவாசன் ‘சூரியகாந்தி’யில் 1973இலேயே எடுத்துவிட்டார். இந்த ஊரில் இந்தப் பொருளைப் பேசும்போது அந்தப் படத்தைத் தவிர்த்தது எனக்கு விளங்கவில்லை. வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி, தேநீர் இடைவேளையில் இதையே பொறுப்பாளர் ஒருவரிடம் சொன்னார்கள். அடுத்த வரிசையில் பார்க்கலாம் என்றார் அவர்.

உரையாடல்களில் ஆண்களின் குரலே ஓங்கியிருந்தது என்பதையும் பதிய வேண்டும். சீட்டு முறை இல்லாதிருந்தால் கூடத்தின் பாதிப் பேர் என்ன நினைத்தார்கள் என்பது தெரியாமலே போயிருக்கும். வழக்கறிஞர் இரண்டு முறை குறுக்கிட்டுப் பேச்சைப் பெண்கள் பக்கம் திருப்பினார்; பேராசிரியர், மாணவர்களைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியில், சில நேரம் தாமே நிறுத்தாமல் பேசினார்.

மொத்தத்தில், தம்பதியருக்கு 600 ரூபாய் என்பது ஐந்து மாலைகளுக்கு மிகக் குறைந்த விலை. திருமண ஆலோசனையை எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவார்கள். இது அதற்கான இடம் அன்று, பொறுப்பாளர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. தம் வீட்டுச் சண்டையைத் திரையில் இன்னொருவர் வீட்டுச் சண்டையாகப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளும் மனநிலை உள்ளவர்கள் தாராளமாகச் சேரலாம். வருவோர் முதுகுக்கு ஒரு சிறு தலையணை கொண்டுவருவது நல்லது. சன்னலுக்கு எதிர்ப்பக்க இருக்கைகளில் வெளிச்சத் தொல்லை குறைவு. தொலைவிலிருந்து வருவோர் உரையாடல் முடிவதற்குள் கடைசிப் பேருந்து போய்விடும் என்பதைக் கணக்கில் கொண்டு, காட்பாடி சந்திப்பில் இரவு இரயில் நேரத்தை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். திரையிடலை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கினால் இந்தச் சிக்கல் தீரும்; ஆனால், தடித்த திரைச்சீலை வாங்காமல் அது முடியாது.